எட்டு மணி நேரம் எழுந்திருக்காதவன்

போன வாரம் நம் நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். வீட்டிலிருந்து வேலை செய்யப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு, வேலையும் கெடாமல் உடம்பும் கெடாமல் இருப்பது எப்படி என்று நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "ஒங்களுக்குத்தான் அங்கிள் இதுல அனுபவம் அதிகம்" என்றார். நான் அடித்த கூத்துக்கு அவர் வைத்த மரியாதையான பெயர் அது.

மாதிரிக்குப் பதினாறு பக்கக் குறிப்பும் ஒரு படமும் அனுப்பியிருந்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்த ஒருவன், மேசையில் பூந்தொட்டி, தம்ளரில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், இவன் ஒருநாள்கூட வீட்டில் வேலை பார்த்தவனில்லை. பார்த்திருந்தால் அந்தப் பூந்தொட்டிக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் நின்றுகொண்டு, "சும்மாதானே இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, படத்தைக் குப்பையில் போட்டுவிட்டு இதைப் படியுங்கள்.

நம் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். லிப்டில் மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மணி நம் காதில் அடிக்கும். எந்தக் கட்டடம் என்று பார்த்து டெக்னீஷியனை அனுப்ப வேண்டும். அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரைப் பேச்சுக் கொடுத்துப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இதை நான் இருபது வருஷத்துக்கு மேல் கோலாலம்பூர் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தேன். வீடோ கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைனில், வரிசை வீடுகளில் ஒன்று. மனைவிக்குத் தோட்டத்துத் தேயிலை பாக்டரியில் வேலை. அவள் வேலைக்காகக் கிடைத்த வீடு. நான் கீழே ஒரு வாடகை அறையில் கிடந்து, சனிக்கிழமை பஸ் ஏறித் தாப்பா வழியாக மலைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிடுவேன். எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதும் சனிக்கிழமைகளிலேயே நடந்தது.

பிறகு நிறுவனம் அந்த அலுவலகத்தை மூடிவிட்டு எல்லாரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது. நான் மலையிலிருந்து செய்கிறேன் என்று கேட்டேன். என் மேலாளர் என் மகள் வயதுக்காரர். யோசித்துவிட்டுச் சொன்னார்: "மூணு மாசம் பாப்போம் அங்கிள். மலையில இன்டர்நெட் லைன் எப்படியோ, ஒங்களுக்கு அங்க எப்படியோ. ஒரே ஒரு கேஸ் ஒங்களால கெட்டாலும் கீழ வந்துரணும். அப்புறம் என்கிட்ட அழக்கூடாது லா."

சரி என்றேன். மூன்று மாதம் ஒழுங்காக இருந்தால் மனைவியோடு செவ்வாய்க்கிழமையும் சாப்பிடலாம். தவறினால் பழையபடி வாடகை அறை.

இனிமேல்தான் என் எரிச்சல் ஆரம்பம்.

எங்கள் லைனில் வேலை என்றால் வீட்டை விட்டுப் போவது. காலையில் போகிறவன் வேலைக்காரன். போகாதவன் ஒன்று சீக்காளி, இல்லை வேலை போனவன். இதற்கு நடுவில் மூன்றாவது வகை ஒன்று உண்டு என்பதை அங்கே யாருக்கும் புரியவைக்க என்னால் முடியவில்லை. இரண்டாம் நாளே பக்கத்து வீட்டிலிருந்து தோசை வந்தது. கொண்டு வந்தவள் என் மனைவியின் தோளைத் தொட்டு, "கவலப்படாதக்கா, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான்காம் நாள் ஒருவர் கேஸ் தோங்கை, அதாவது சிலிண்டரை, தூக்கி மாட்டிவிடக் கூப்பிட்டார். அந்த வாரமே கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கும் நண்பர் வந்து நின்றார்.

"டேய், சும்மாதானே ஒக்காந்திருக்க? நாளைக்கு என் கடையில ஒக்காரு. அங்கயும் ஒக்கார்ற வேலைதான்."

"எனக்கு வேலை இருக்குடா. இதுதான் வேலை."

அவர் என்னையும், காதில் மாட்டியிருந்ததையும், மேலே நிறுவனத்துச் சட்டையும் கீழே சாரமுமாக இருந்த என் கோலத்தையும் ஒருமுறை பார்த்தார். "சரிடா. மனசத் தளர விட்டுறாத" என்றார்.

இதெல்லாம் பரவாயில்லை. ஒருநாள் பதினான்காவது மாடியில் மாட்டிக்கொண்ட ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே சேவல் கூவித் தொலைத்தது. அவர், "அண்ணே, அது சேவலா?" என்றார். நான் பதறிப்போய், "போன் மணி சார்" என்றேன். சேவல் மறுபடி கூவியது. "எடுத்துப் பேசுங்கண்ணே, ரொம்ப நேரமா அடிக்குது" என்றார். அவர் வெளியே வருகிறவரை அதற்குமேல் நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. அதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன்: எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மலையில் இருந்துகொண்டும் லிப்டைத் திறக்க வைக்கலாம். பொய் சொல்லிக்கொண்டு திறக்க வைப்பது கஷ்டம்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பிள்ளை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலை செய்கிறேன் என்று இந்த லைனுக்கே காட்டுகிறேன் பார் என்று கதவைத் தாழிட்டேன், திரையை இழுத்துவிட்டேன், "வேலை நடக்கிறது" என்று அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பது.

நம் திரையின் மூலையில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கிறதே, அதுதான் என்னைக் கெடுத்தது. உட்கார்ந்திருந்தால் பச்சை. ஓய்வு என்று அமுக்கினால் மஞ்சள். பத்து நிமிடத்துக்கு நமக்கு வர வேண்டிய அழைப்பு அடுத்தவருக்குப் போகும். ஒரு நாளைக்கு நான்கு முறை நிறுவனமே கொடுத்திருக்கும் ஓய்வு அது. நான் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. மஞ்சளைக் கண்டால் மேலாளர், "பாத்தியா, மலையில போய்த் தூங்கறாரு" என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். கழிப்பறைக்குப் போக வேண்டாம் என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதில் விசைப்பலகைக்கு மேலேயே பிஸ்கட். அதுவும் இனிப்பு பிஸ்கட். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். அப்போது நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, எனக்கே கூட.

சில நாள் மூன்று மணிக்கு முன்பே பாக்டரியிலிருந்து வந்துவிடும் மனைவி கதவைத் தட்டித் திறக்கச் சொல்லி, என்னை மேலும் கீழும் பார்ப்பாள்.

"காலையில எப்படி விட்டுட்டுப் போனேனோ அப்படியே இருக்கீங்க."

"வேலைம்மா."

"கோயில்ல சாமியக்கூட வருஷத்துக்கு ஒரு தடவ தேர்ல ஏத்தி வெளிய கூட்டிட்டுப் போறாங்க. நீங்க அதுக்கும் மேல."

கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. குளிர்தான் காரணம் என்றேன். மலையில் எதற்கும் குளிரைக் காரணம் சொல்லலாம், யாரும் மறுக்க மாட்டார்கள்.

பத்தாவது வாரம். ஒரு மணி இருக்கும். மணி அடித்தது. ஒரு பெண்மணியின் குரல், வயதானவர், தமிழர். வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறவர். அன்றைக்கும் போய்விட்டுத் தனியாக வீடு திரும்பும்போது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது. விளக்கு எரிகிறது, காற்றாடி நின்றுவிட்டது.

"பயப்படாதீங்கம்மா. கீழ ஒக்காந்துக்குங்க. பத்து நிமிஷத்துல ஆள் வந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டே ஆளை அனுப்பினேன். அங்கேதான் தவறு நடந்தது. அந்த அடுக்குமாடிக்கு ஒரே பெயரில் இரண்டு கட்டடங்கள், பின்னால் ஒன்று, இரண்டு என்று மட்டும் வித்தியாசம். ஒன்று நகரத்தின் இந்தக் கோடி, மற்றது அந்தக் கோடி. பட்டியலில் மேல் வரியை அமுக்க வேண்டியவன் கீழ் வரியை அமுக்கினேன். ஆறு மணி நேரமாக அசையாமல் ஒளியைப் பார்த்த கண்ணுக்கு இரண்டு வரியும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

என்ன பேச வேண்டும் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்த அட்டையைப் படிப்பதுபோல், "கையில தண்ணி இருந்தா ஒரு வாய் குடிங்கம்மா" என்றேன்.

"எனக்குத் தண்ணி அளவுதான் தம்பி. இன்னைக்குக் கணக்கு முடிஞ்சிருச்சு. ஒங்க தொண்டைதான் காஞ்சு கெடக்குது. நீங்க குடிங்க."

இதைக் கேட்டாவது எழுந்திருக்க வேண்டாமா? எழுந்திருக்கவில்லை.

டெக்னீஷியன் ரவியிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, வந்துட்டேன். லிப்ட் நல்லாத்தானே ஓடுது? நானே ஏறி எறங்கிட்டேன்."

"சரியாப் பாரு. ஆறுக்குக் கீழ நிக்குது."

"ஆறு, அஞ்சு, நாலு எல்லாம் போய்ட்டு வந்துட்டேண்ணே."

"ரவி, இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். என்கிட்டயே லிப்ட் ஓடுதுன்னு சொல்லாத. பக்கத்து லிப்டப் பாரு."

"பக்கத்துலயும் ஓடுதுண்ணே."

வரி மாறி அமுக்கியதுகூடப் பெரிய குற்றமில்லை, யாருக்கும் நடக்கும். சரியான ஆள் நேரில் நின்று சொல்வதை, மலையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் இல்லை என்றேனே, அதுதான் குற்றம். ஐந்து நிமிடம் அவனோடு சண்டை போட்டேன். அதற்குள் அந்த அம்மாவின் பேச்சில் மூச்சு இடையிடையே நின்று நின்று வந்தது.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் பதறி எழுந்தேன். எழுந்தது மேல் பாதி மட்டும். கீழ் பாதி மரத்துப்போய் நாற்காலியிலேயே இருந்தது. நாற்காலியோடு சேர்ந்து சிமெண்டுத் தரையில் விழுந்தேன். காதில் மாட்டியிருந்தது கழன்று எங்கோ உருண்டது. அதிலிருந்து குரல் வருகிறது: "தம்பி? என்ன சத்தம்? விழுந்துட்டீங்களா? யாராச்சும் கூட இருக்காங்களா?"

லிப்டில் மாட்டிக்கொண்டவர் என்னை விசாரிக்கிறார்!

அடுத்த வீட்டில் இருந்தவர் எங்கள் தோட்டத்துக் கங்காணியம்மா. தேயிலை வெட்டும் ஒரு செட்டு ஆட்களுக்குத் தலைவி, என்னைவிடப் பத்து வயது சின்னவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தவர் சத்தம் கேட்டு ஓடிவந்து கதவை இடித்தார். தாழிட்டிருந்ததால் நான் தவழ்ந்து போய்த் திறக்க வேண்டியிருந்தது. அவர் வாசல் அட்டையைப் பார்த்தார், தரையில் கிடந்த என்னைப் பார்த்தார்.

"என்னாண்ணே, வேலை நடக்குதா?"

"ஒரு அம்மா லிப்டுக்குள்ள..."

"மொதல்ல எந்திரிங்க."

கையைப் பிடித்துத் தூக்கி ஜன்னல் ஓரம் நிறுத்தினார். திரையை விலக்கினார். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை மேசைப் பக்கம் போகவிடாமல் குறுக்கே நின்றார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கால் எரிந்து உயிர் வந்தது. நின்றபடியே திரையைப் பார்த்தேன். நான் அமுக்கிய வரி கீழ் வரி. அந்த அம்மா இருப்பது மேல் வரி. ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

முதலில் போம்பாவை, அதாவது தீயணைப்புப் படையை, கூப்பிட்டேன். அதைக் கூப்பிட்டால் விஷயம் பதிவாகிவிடும், என் மூன்று மாதம் அதோடு போச்சு என்று தெரியும். கூப்பிட்டேன். அடுத்து, அந்தப் பக்கத்தில் இருந்த வேறொரு டெக்னீஷியன். பிறகு அந்த அம்மா.

"அம்மா, தப்பு என்னுது. ஆள வேற கட்டடத்துக்கு அனுப்பிட்டேன்."

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"இப்பச் சரியான எடத்துக்கு அனுப்பியாச்சா?"

"அனுப்பிட்டேம்மா. போம்பாவும் வருது."

"அப்பப் பேசிக்கிட்டே இருங்க. ஒங்க வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?"

தெரியாது என்றேன். மனைவி காலையில் ஆக்கி வைத்துவிட்டுப் போனதை நான் திறந்தே பார்த்திருக்கவில்லை. "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். கங்காணியம்மா அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்து, "கருவாட்டுக் கொழம்புண்ணே, கத்திரிக்காய் போட்டு!" என்று கத்தினார். தனக்கு மருத்துவர் விலக்கி வைத்ததையெல்லாம் அந்த அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கால் மணி நேரத்தில் வெளியே வந்திருக்க வேண்டியவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். சோர்ந்திருந்தார், ஆனால் நடந்தே வீட்டுக்குப் போனார் என்றார்கள்.

கங்காணியம்மா இன்னும் போகவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் பத்து மணிக்கு ஆளுங்கள ஒக்கார வைக்கிறேன்ல, பாவம் பாத்தா ஒக்கார வைக்கிறேன்? மெசின ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு புடிச்சுக்கிட்டுப் போவாங்க. கை அசந்துச்சுன்னா மெசின் தாழ்ந்து போயி தண்டையும் சேத்து வெட்டிரும். அன்னைக்கு எல சாஸ்தியாத்தான் இருக்கும். ஆனா பாக்டரிக்காரன் முத்தல்னு திருப்பி அனுப்புவான், வெட்டுப்பட்ட செடி மறுபடி துளுக்க மாசக்கணக்காகும். அதுக்குத்தான் ஒக்கார வைக்கிறது. செடிக்காக. நீங்க ஒக்காந்து பாக்கிற வேலை. ஒங்கள எந்திரிக்க வைக்கணும். அம்புட்டுதான் வித்தியாசம்."

நம் பயிற்சிப் பிரிவு அனுப்பிய படத்தையும் பதினாறு பக்கக் குறிப்பையும் தூக்கிப் போட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஓய்வு எடுப்பது உங்கள் சுகத்துக்கு என்று நினைத்தால் வெட்கப்பட்டு எடுக்கமாட்டீர்கள். லிப்டுக்குள் இருப்பவருக்காக எடுக்கிறீர்கள்.

சாயங்காலம் ரவி கூப்பிட்டான். நான் கத்தியதை அவன் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. "அண்ணே, ஒங்க மூணு மாசக் கதை எனக்குத் தெரியும். வழியில ஜாம்னு எழுதிடறேன். போம்பாவக் கூப்பிட்டதுக்கும் அது சரியாப் போயிரும்."

எனக்கு ஆசையாக இருந்தது. மறைக்க மாட்டேன், ரொம்பவே ஆசையாக இருந்தது. மனைவி வந்ததும் சொன்னேன்.

"உண்மையச் சொன்னா கீழ போகணும்" என்றேன்.

"சொல்லலன்னா?"

"இங்கயே இருக்கலாம்."

"இருந்து? மறுபடி அந்த நாக்காலியிலயா?" கருவாட்டுக் குழம்பைத் தட்டில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "இந்த நாக்காலியில இருக்கிற புருசனுக்கு, கோலாலம்பூர்ல இருந்த புருசனே தேவல. அவராச்சும் சனிக்கெழம வந்தாரு."

அன்றைக்கே எழுதி அனுப்பினேன். தவறான வரியை அமுக்கியது நான், ரவி சொன்னதை நம்பாதது நான், பத்து வாரமாக ஓய்வு எடுக்காததும் நான்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். இப்படி ஒரு எரிச்சலை நான் அதற்குமுன் போனில் கேட்டதில்லை.

"அங்கிள், பத்து வாரமா ஒங்க புள்ளி மஞ்சளானதே இல்ல. அத அச்சடிச்சு, இப்படித்தான் வேலை செய்யணும்னு எல்லாருக்கும் அனுப்பிட்டேன் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"ரெண்டு பேரு ஒங்களப் பாத்து ஓய்வையே எடுக்கல. இப்ப நான் என்னத்த எழுதி அனுப்புறது? அந்த ஆள மாதிரி இருக்காதீங்கன்னா?"

"எழுதலாம் மேடம். உண்மைதானே."

பெருமூச்சு கேட்டது. "போனது போனதுதான். ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்க. புதுசா மூணு மாசம். இந்தத் தடவ ஒரு நாள் முழுக்கப் பச்சையா இருந்துச்சு, அன்னைக்கே பெட்டியக் கட்டிக்கிட்டுக் கீழ வந்துருங்க."

அதிலிருந்து கங்காணியம்மா என்னைத் தன் செட்டில் சேர்த்துக்கொண்டார். காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்கு நானும் போய் நிற்க வேண்டும். தமிழ்ப் பெண்கள் நாலைந்து பேர், மற்றவர்கள் வங்காளதேசத்து ஆட்கள். கடைசியாக என் பேர். "இருக்கேன்" என்பேன். "நாக்காலி!" என்று எனக்கு வேலை பிரித்துக் கொடுப்பார். மொழி தெரியாதவர்களும் சிரிப்பார்கள். அங்கிருந்து நடந்து வீட்டுக்கு வந்து ஏழு மணிக்கு உட்காருவேன். அதன்பிறகு கேஸ் தோங் மாட்டிவிட ஒருவரும் கூப்பிடவில்லை. பெரட்டில் பேர் கூப்பிடுகிறார்கள் அல்லவா, அப்படியென்றால் அவனுக்கு வேலை இருக்கிறது.

பத்து மணிக்கு ஆட்கள் மெஷினை இறக்கி வைப்பார்கள். நான் மஞ்சளை அமுக்கிவிட்டு, லைனுக்குப் பின்னால் இருக்கும் செடிப் பக்கம் போய் அவர்களோடு நின்று சீனி போடாத தேநீர் குடிப்பேன். முதல் வாரம் காது மணியையே கேட்டுக்கொண்டிருந்தது. நான் இல்லாத பத்து நிமிடத்திலும் மக்கள் மாட்டிக்கொண்டார்கள், வேறு யாரோ அவர்களை வெளியே எடுத்தார்கள். கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

புது மூன்று மாதத்தின் கடைசி நாள். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மேசைமேல் கிடந்த கைப்பேசியில் மேலாளரின் அழைப்பு மூன்று முறை வந்து நின்றிருக்கிறது. கீழே ஒரு செய்தி: "பத்து மணிக்கு வேணும்னே மூணு தடவை கூப்பிட்டேன் அங்கிள். நீங்க எடுக்கலை. அதைத்தான் பார்க்க நினைச்சேன். அங்கேயே இருங்க."

ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன். இப்போதும் இருக்கிறேன்.

அன்றைக்கு நான் கட்டுப்பாட்டோடு அழைப்பை எடுக்காமல் இருந்தேன் என்று மேடம் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறாராம். உண்மை அதுவல்ல. கைப்பேசியை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டேன், அவ்வளவுதான். இதை நீங்கள் யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம்.